பின் இருக்கையில் அமர்ந்து பார்த்த பிறகு

முழு அளவு செடான் கார்களை (டிக்கி பின்னால் தனியாக நீண்டிருக்கும் பெரிய கார்கள்) சொந்தமாக வைத்திருப்பவர்களும், வாடகைக்கு எடுத்தவர்களும், பிறருக்காக அவற்றை ஓட்டும் ஓட்டுநர்களும் தங்கள் கருத்தையும் ஐயத்தையும் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எனக்கு வயது 64. மனைவியுடன் மாதம் ஒருமுறை கோவையிலிருந்து சென்னைக்குக் காரில் சென்று, மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கித் திரும்புவது வழக்கம். ஆறு ஆண்டு ஓடிய டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) ஒன்று விலைக்கு வருகிறது. தேவைப்படும்போது வாடகை வண்டி எடுத்துக்கொண்டால் போதும் என்கிறான் மகன். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. வாங்கலாமா? – வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: முதலில் உங்கள் மனைவியை அந்த வண்டியின் பின் இருக்கையில் நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள், விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் ஐந்நூறு கிலோமீட்டர் அமர்ந்து செல்வதற்குக் கேம்ரியின் பின் இருக்கைக்கு இணையாக நான் இன்னோவாவைக்கூடச் சொல்ல மாட்டேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.8 மீட்டருக்கு மேல் தூரம் இருப்பதால் கால் நீட்ட இடம் தாராளம். வண்டி தாழ்வாக இருப்பதால் வளைவுகளில் உடல் ஆடுவதும் குறைவு. ஆனால் அந்தத் தாழ்வுதான் முழங்காலுக்குப் பகை. இன்னோவாவில் நாற்காலியில் அமர்வதுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்துவிடலாம்; செடானிலோ தலையைக் குனிந்து, உடலை இறக்கி உட்கார வேண்டும், எழும்போது முழு எடையும் முழங்காலில் விழும். அவிநாசி தாண்டி ஒரு காபி, சேலத்தில் சாப்பாடு, உளுந்தூர்பேட்டையில் ஒரு நிறுத்தம், பிறகு மகள் வீட்டு வாசல் என்று பார்த்தால் ஒரு வழிக்கு நான்கு முறை எழுந்தாக வேண்டும். அதனால்தான் நான்கு முறை என்றேன்.

அந்தச் சோதனையில் சிக்கல் இல்லையென்றால், உங்கள் மகனின் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை நிறுவனத்தில் ‘செடான்’ என்று கேட்டால் பெரும்பாலும் வருவது டிசையர். நான்கு மீட்டருக்குள் அடங்கும் நல்ல வண்டிதான், ஆனால் நீங்கள் வாங்க நினைக்கும் வண்டியோடு ஒப்பிடத் தக்கதன்று. மேலும் வெளியூர் வாடகைக்குப் பல நிறுவனங்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் ஓடியதாகக் கணக்கிடுகின்றன. நான்கு நாளில் திரும்பினால் 1,000 கிலோமீட்டர், உண்மையில் ஓடிய தூரமும் ஏறத்தாழ அதுவே என்பதால் நட்டமில்லை. ஏழு நாள் தங்கினால் அதே பயணத்துக்கு 1,750 கிலோமீட்டருக்குப் பணம் கட்டி, ஓட்டுநருக்கு ஏழு நாள் பேட்டாவும் கொடுப்பீர்கள். போகும்போது ஒரு வண்டி, வரும்போது ஒரு வண்டி என்று எடுத்தால் செலவு குறையலாம். இருக்கை எப்படியிருக்கும் என்பது ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சொந்த வண்டி என்றால், முதல் உரிமையாளர் ஏற்கெனவே பெரிய இழப்பைச் சுமந்துவிட்டார் என்பது உங்களுக்குச் சாதகம். காப்பீட்டுக் கணக்கின்படியே நான்கு ஆண்டைத் தாண்டிய காரின் மதிப்பில் பாதி கழிக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் வண்டியின் விலை பாதியானாலும் உதிரிபாகத்தின் விலை பாதியாவதில்லை. நீங்கள் சொல்லும் வயதுடைய கேம்ரியின் டயர் 235/45 ஆர்18 அளவு. அதன் பக்கச்சுவர் உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான். மழைக்குப் பிந்தைய பள்ளம் ஒன்றில் வேகமாக இறங்கினால் டயர் பக்கவாட்டில் புடைத்துவிடும், ரிம்மும் வளையக்கூடும். நான்கு டயரையும் கையால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது ஹைபிரிட் பேட்டரி. அது பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று, இருக்கையின் கீழ்ப்புறத்திலுள்ள கம்பித் தடுப்பு போன்ற துளைகள் வழியாகப் பயணிகள் அறையிலிருந்தே உள்ளே போகிறது. துண்டும் பையும் போட்டு அந்தத் துளையை மூடி வைத்திருந்த வண்டியா, அதன் வடிகட்டி எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்பதை சர்வீஸ் பதிவேட்டில் தேடுங்கள். பேட்டரிக்கு உத்தரவாதம் இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதை, விற்பவர் வாய்ச்சொல்லை நம்பாமல், சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் மையத்திலேயே கேளுங்கள். முழங்காலும் பதிவேடும் தேறினால் வாங்குங்கள். இரண்டில் ஒன்று தேறாவிட்டாலும் மகன் சொல்வதே சரி.

கேள்வி: இது கேள்வி அன்று. பதினெட்டு ஆண்டுகளாக ஆக்டிங் டிரைவராக இருக்கிறேன். பெரிய செடான் ஓட்டுவது சுகம்தான். ஆனால் முதலாளி இறங்கிப் போன பிறகு நான் படும் பாட்டையும் யாராவது எழுத வேண்டாமா? – வாசகர், சென்னை.

பதில்: எழுத வேண்டியதுதான். அடுக்ககங்களில் ஒரு காருக்கு வழக்கமாக ஒதுக்கும் இடம் 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். புதிய கேம்ரியின் நீளம் 4.92 மீட்டர், முன்னும் பின்னும் சேர்த்து மிஞ்சுவது எட்டு சென்டிமீட்டர். பக்கத்தில் ஒரு தூண் இருந்துவிட்டால் கதவை முழுதாகத் திறக்கவும் முடியாது. உங்களைப் போன்ற இன்னொரு ஓட்டுநரும், தெரு முனையில் உயரமாகப் போட்ட வேகத்தடையில் அடி தட்டாமலிருக்க வண்டியைக் குறுக்காக ஏற்றி இறக்குவதாகவும், “பின்னாடி இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார், அவங்க போன்ல இருப்பாங்க” என்றும் எழுதியிருக்கிறார். வாங்குவதற்கு முன் ஒரு நாள் அந்த வண்டியை வீட்டுக்கே ஓட்டிவரச் சொல்லி, நிறுத்துமிடத்தில் நிறுத்திக் காட்டுமாறு ஓட்டுநரிடமே கேட்பது நல்லது. காண்டெஸா கார் ஓடிய காலத்திலிருந்தே பெரிய வண்டி வாங்கியவர்கள் செய்யத் தவறிய காரியம் இது.

கேள்வி: மகள் திருமணத்துக்கு மூன்று நாள் ஒரு பெரிய செடான் வேண்டும். தெரிந்தவர் ஒருவர் தம் சொந்தக் காரைப் பாதி வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா? – வாசகர், மதுரை.

பதில்: எண் பலகையைப் பாருங்கள். ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிச் செல்லும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை அன்பளிப்பாகக் கொடுத்து உதவலாம், பணம் வாங்கிக்கொண்டு விடக் கூடாது. போலீஸ் அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நேர்ந்தால் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க இடமிருப்பது. பாதி வாடகையில் மிச்சப்படுத்தும் தொகை ஒரு முகப்பு விளக்குக்குக்கூடக் காணாது.

கேள்வி: புதிதாக வாங்கினால் சாலை வரி எவ்வளவு வரும்? – வாசகர், திருச்சி.

பதில்: தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 20 சதவீதம். 2024 டிசம்பரில் கேம்ரி அறிமுகமானபோது ஷோரூம் விலை 48 லட்சம்; அந்த விலைக்கு வரி மட்டும் 9 லட்சத்து 60 ஆயிரம். அந்தத் தொகைக்கே ஒரு டிசையர் கிடைக்கும்.

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் மகன், நாங்கள் போனபோது ‘ஃபுல் சைஸ்’ கார் என்று பதிவு செய்தான். கவுண்டரில் கொடுத்ததோ கேம்ரி. அதை அங்கே நடுத்தர வண்டி என்கிறார்களாமே, ஏமாற்றிவிட்டார்களா? – வாசகி, நாகர்கோவில்.

பதில்: ஏமாற்றவில்லை. அமெரிக்க வாடகை நிறுவனங்களின் வகைப்பாடு வேறு, கார் தயாரிப்பாளர்களின் வகைப்பாடு வேறு. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பயணிகள் அறையும் டிக்கியும் சேர்ந்து 120 கன அடியோ அதற்கு மேலோ இருந்தால்தான் செடானைப் பெரிய கார் என்கிறது. பழைய பெரிய செடான்கள் பலவும் இப்போது வருவதில்லை: ஃபோர்டு கிரவுன் விக்டோரியா 2011-லும், செவர்லே இம்பாலா 2020-லும், டொயோட்டா அவலான் 2022-லும், கிரைஸ்லர் 300 2023-லும் நிறுத்தப்பட்டன. இப்போது வாடகைக் கவுண்டரில் ‘ஃபுல் சைஸ்’ என்பதற்குப் பொருள் கேம்ரி, நிசான் ஆல்டிமா போன்ற வண்டிகள்தான். ‘அல்லது அதைப் போன்றது’ என்ற வாசகம் பதிவுச் சீட்டிலேயே இருந்திருக்கும். அடுத்த முறை நால்வர் போவதானால், சாவி வாங்குவதற்கு முன் பெட்டிகளை டிக்கியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு பெரிய பெட்டிகள் தாராளமாகப் போகும், மூன்றாவதோடு மல்லுக்கட்ட வேண்டும், நான்காவது உங்கள் மடியில்தான் வரும்.