மூன்றாவது பாட்டில் வரும் இறுக்கம்

பிபிக்கு மாத்திரை சாப்பிடும் நீங்கள், வீட்டில் பாட்டுப் போட்டு ஆடியதும் பிபி 172/88 காட்டியது என்று பயந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பாட்டு நின்றதும் மூச்சு வாங்கிக்கொண்டே கையில் பட்டையைக் கட்டி பிபி பார்த்தால், 172 காட்டாமல் வேறென்ன காட்டும் அம்மா? நான் இரண்டு மாடி ஏறிவிட்டுப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதுதான் காட்டும். ஆடும்போது தொடையும் கெண்டைக்காலும் கூடுதல் ரத்தம் கேட்கின்றன, இதயம் வேகமாக அடித்து அனுப்புகிறது, மேல் அளவு ஏறுகிறது. கீழ் அளவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும், உங்களுக்கும் 88தான். ஆட்டம் முடிந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பலருக்கு அடுத்த சில மணி நேரம் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த இறக்கத்துக்காகத்தான் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறோம்.

பிபி பார்ப்பதென்றால் காலையில் காபிக்கு முன், 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஆடிய அரை மணி நேரத்துக்குள் அந்த மெஷினைத் தொடவே வேண்டாம்.

“பிபி உள்ளவர்கள் ஆடினால் மூளை நரம்பு வெடிக்கும்” என்று உங்கள் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினாராமே. வெடிப்பது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத யாரோ எழுதியதை நம்பி இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறீர்கள்.

உங்களைத் தூங்கவிடாதது 172 இல்லை என்று எனக்கும் புரிகிறது. உங்கள் தாயார் பாத்ரூமில் விழுந்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, இரண்டு வருடம் படுக்கையில் கிடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். விழுவதற்கு எட்டு மாதம் முன்பே அவர் பிபி மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். கால் மணி நேரம் ஏறி இறங்குகிற அழுத்தம் ஒரு பொருட்டே இல்லை. தூங்கும்போதும் இறங்காமல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறதே, அதுதான் குழாயின் சுவரைக் கெடுக்கிறது.

அப்படியிருக்க, “ஆடும் நாளில் மாத்திரை எதற்கு என்று விட்டுவிடுவேன்” என்கிறீர்கள்! வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறீர்கள். வாரத்துக்கு 7 அம்லோடிபின், அதாவது உங்கள் பிபி மாத்திரை, எழுதித் தந்த டாக்டருக்கு 3தான் உள்ளே போகிறது என்று தெரியுமா? காலையில் 156/94 நிற்பதற்குக் காரணம் தேடி இன்டர்நெட் முழுக்க அலைந்திருக்கிறீர்கள். காரணம் மாத்திரை அட்டையிலேயே மிச்சமிருக்கிறது. விடாமல் உடற்பயிற்சி செய்தால் மேல் அளவு 5 முதல் 8 வரை குறையலாம். நல்லதுதான். ஆனால் 156ல் 8 போனாலும் 148. மாத்திரையைக் கைவிட அது போதாது.

சரி, நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் ஒன்றரை வரி மட்டும் ஒதுக்கிய விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது பாட்டு குத்துப் பாட்டாக இருந்தால் நடு நெஞ்சில் “கேஸ் பிடித்த மாதிரி” இறுக்குகிறது, தாடை வரை ஏறுகிறது, உட்கார்ந்து ஓமத் தண்ணீர் குடித்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. இதைப் படித்ததும் மற்ற மூன்று பக்கங்களைக் கீழே வைத்துவிட்டேன்.

கேஸுக்கு எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று தெரியாது. அது சாப்பிட்ட பிறகு வரும், குனிந்தால் வரும், படுத்தால் வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு ஆட்டத்தில் வந்து, நின்றால் அடங்குகிற இறுக்கம் என்றால், இதயம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இதயம் இல்லை என்று பார்த்து முடித்த பிறகு கேஸைப் பற்றிப் பேசலாம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் உள்ளே குறுகியிருந்தால், சும்மா இருக்கும்போது போதுகிற ரத்தம் ஆடும்போது போதாமல் போகிறது. அந்தத் தட்டுப்பாடு வலியாகத்தான் வர வேண்டும் என்றில்லை. பாரம், அடைப்பு, எரிச்சல், இடது கையில் ஒரு கனம் என்று எப்படியும் வரலாம். தாடை வலிக்கிறது என்று முதலில் பல் டாக்டரிடம் போய்விட்டு என்னிடம் வந்த பெண்கள் உண்டு. அப்புறம், இறுக்கத்தைப் போக்கியது ஓமத் தண்ணீர் இல்லை அம்மா, நீங்கள் உட்கார்ந்ததுதான்.

தீபாவளிக்கு முன் எடுத்த ஈசிஜி நார்மல் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளாதீர்கள். படுக்க வைத்து, இறுக்கம் இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜி நார்மலாக இருப்பதில் அதிசயம் இல்லை. உங்களுக்கு வருவது ஆடும்போதுதானே? அதனால் இந்த வாரமே கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ போய், அந்த ஒன்றரை வரியை முதலில் சொல்லுங்கள். “கேஸ்” என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள். நீங்கள் எடுத்தால் எதிரில் இருப்பவரும் அவசரத்தில் கேஸ் மாத்திரையே எழுதிவிடலாம். மறுபடி ஈசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் டிரெட்மில் என்று பார்ப்பார்கள். டிரெட்மில்லில் நடக்க விட்டு பிபியை நாங்களே ஏற்றுவோம். 172ஐத் தாண்டினாலும் யாரும் பதற மாட்டார்கள், இறுக்கம் வருகிறதா, ஈசிஜி கோடு மாறுகிறதா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது.

அதுவரை ஆட்டம் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே அந்த இறுக்கம் வந்தாலோ, உட்கார்ந்தும் பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, கூடவே வேர்த்துக் கொட்டினாலோ 108க்குப் போன் போடுங்கள். மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மஞ்சக்குப்பம் டிராபிக்கில் போகிற வேலை வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் இரண்டு கணுக்காலும் ஒரே மாதிரி வீங்குவது அம்லோடிபின் பலருக்குச் செய்கிற வேலை. உங்கள் கிரியாட்டினின் 0.8, கிட்னி போய்விடவில்லை. தொந்தரவாக இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம், நீங்களாக நிறுத்த வேண்டாம். வாட்ச் காட்டிய 118 நாடித்துடிப்பு, 56 வயதில் ஆடிய பிறகு சாதாரணம். முருங்கைக்கீரை சூப் தாராளமாகக் குடியுங்கள், சூப் என்று நினைத்து, மருந்து என்று நினைத்து இல்லை.

முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறீர்களே, அந்த டைக்ளோஃபெனாக், அதை மட்டும் சாதாரணமாக விட மாட்டேன். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். இரண்டு மாதமாக வாரம் மூன்று போடுகிறீர்கள். ஒரு கையால் இறக்கி மறு கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதித்தால் முட்டி வலிக்கத்தான் செய்யும். அடிப்பகுதி மெத்தென்றிருக்கும் ஷூ போடுங்கள், குதிப்பதைக் குறையுங்கள்.

இதயத்தில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகு தாராளமாக ஆடலாம், வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வந்தால் சந்தோஷம். முதல் பாட்டு மெதுவானதாக இருக்கட்டும், கடைசிப் பாட்டும் அப்படியே. துள்ளிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். கும்மியும் போடுவீர்கள் என்றால் குனிந்து நிமிர்வதை நிதானமாகச் செய்யுங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள். ஆடிக்கொண்டே பேச முடிய வேண்டும். பேசவும் முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று ஜன்னல், கதவு எல்லாம் சாத்திக்கொண்டு ஆடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது ஆகவே ஆகாது. கடல் பக்கத்து ஜன்னலையாவது திறந்து வையுங்கள், ஃபேனைப் போடுங்கள்.

எதிர் வீட்டு அக்காவுக்கும் பிபி, அவரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவரை உட்கார வைத்து அளவு பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 180/110ஐத் தாண்டினால் ஆட்டத்துக்கு முன் டாக்டர். அதற்குக் கீழே என்றால், படி ஏறும்போது அவருக்கு எங்கேயாவது இறுக்குகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வந்தால் எதிர் வீட்டு ஜன்னலைப் பற்றிய கவலையும் உங்களுக்கு இருக்காது.