இயக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாதபோது

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள எங்கள் கிராமத் திருச்சபைக்கு, மைக்குகளின் ஒலியைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் மிக்சரும் இரண்டு கேமராக்களும் வாங்கினோம். அவற்றை இயக்கத் தெரிந்த ஒரே தம்பி, வேலை கிடைத்துப் பெங்களூரு சென்றுவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் மைக் ஊளையிடுகிறது, நேரலை பாதியில் நிற்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்கிறார்கள் கமிட்டியார். தங்கள் ஆலோசனை என்ன?

பதில்: சம்பள ஆள் வேண்டாம், அந்தத் தம்பி பண்டிகைக்கு ஊருக்கு வரும்போது ஒரு வேலையை மட்டும் செய்து தரச் சொல்லுங்கள். சபையார் நிறைந்திருக்கும் ஓர் ஆராதனையில் சரியாக அமைந்த ஒலி அளவுகள் அனைத்தையும் மிக்சரில் 'சீன்' என்று சேமித்துவிட்டால், பிறகு வருகிறவர் அதைத் திறந்து, 'பிரசங்க பீடம்', 'பாடற்குழு', 'கீபோர்டு' என்று டேப் ஒட்டிய மூன்று ஃபேடர்களை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு பிடிகளை, ஏற்றி இறக்கினால் போதும். ஊளைக்கு மிக்சரைப் பழிக்க வேண்டாம். ஸ்பீக்கரில் பெருகிய சத்தம் மைக்குக்கே திரும்பி வருவதால் எழுவது அது. ஆகவே ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், சபையாரை நோக்கி இருக்கட்டும், பேசுகிறவர் ஒரு சாண் தூரத்துக்குள் நின்று பேசட்டும், பயன்படாத மைக்குகள் அணைந்திருக்கட்டும்.

நேரலைக்குப் பீடத்தை நோக்கி ஸ்டாண்டில் நிற்கும் ஒரு கேமரா போதும். இரண்டாவது கேமரா கிறிஸ்துமஸுக்கு உதவும். படம் 1080 அளவில் போகிறது என்றால் 720-க்கு இறக்குங்கள். பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் அப்லோடு வேகக் குறைவே காரணம். வெளியூரில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் பார்ப்பதைவிடக் கேட்கத்தான் விரும்புவார்கள். கேமராவின் மைக்கை நம்பினால் மின்விசிறிச் சத்தம்தான் அவர்களுக்குக் கேட்கும் என்பதால், மிக்சரிலிருந்து ஒலியை நேராகக் கணினிக்குக் கொடுங்கள்.

பாட்டு வரிகள் பழைய பாமினி எழுத்துருவில் இருந்தால், ஒருமுறை உட்கார்ந்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறொரு மடிக்கணினியில் கீர்த்தனை முழுவதும் ஆங்கில எழுத்துகளாகத் திரையில் வரும். அப்படி ஒரு ஞாயிறு, சபையே பாட்டுப் புத்தகம் தேடியதை நான் பார்த்திருக்கிறேன்.

வாரத்துக்கு இருவரை நியமியுங்கள்: ஒருவர் இயக்குவார், மற்றவர் பக்கத்தில் அமர்ந்து கற்பார். வாலிபர் சங்கத்தோடு நிறுத்தாமல், ஓய்வுபெற்ற ஆசிரியைகளையும் அழையுங்கள். எழுதி வைத்ததை வரிசை மாறாமல் செய்பவர்கள் அவர்கள். செய்முறையை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி மிக்சர் அருகே ஒட்டுங்கள். முதல் வரி இதுவாக இருக்கட்டும்: ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட வேண்டும், முதலில் அணைக்க வேண்டும்.