கட்டணத்தைக் கேட்டீர்கள், நேரத்தைக் கேட்டீர்களா?

(34 ஆண்டுகள் வார்டிலும் வகுப்பறையிலும் கழித்த ஓய்வுபெற்ற செவிலிய ஆசிரியை, வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், எனக்கு 27 வயது. ஐந்து ஆண்டுகளாக ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து என் பாட்டி எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று ஒரு செவிலியர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவரைப் பார்த்துத்தான் இந்த ஆசை வந்தது. நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பில் இப்போது இடமும் கிடைத்துவிட்டது. கிடைத்த நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டும். வீடு என் சம்பளத்தையும் நம்பி ஓடுகிறது. பாதியில் நின்றுவிட்டால்? முடித்தும் வேலை கிடைக்காவிட்டால்? பள்ளியிலிருந்தே எனக்குக் கணக்கு என்றால் நடுக்கம். மருந்து அளவில் தவறு செய்துவிட்டால்? ‘வேண்டாம்’ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாகக் கடையிலேயே இருந்துவிடுவேன்.
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: அந்த ஒரு வார்த்தையை என்னிடம் வாங்க முடியாது. நாளைக்கு யாரைக் குறை சொல்வது என்று இன்றைக்கே ஆள் தேடுகிறீர்கள். என் முன்னால் உட்கார்ந்த எத்தனையோ பேர் இதே வேலையைச் செய்து பார்த்தார்கள்.

நான்கு பயங்களை ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்திருக்கிறீர்கள். அவிழ்த்தால் ஒன்று உடனே உதிர்ந்துவிடும். கணக்கைச் சொல்கிறேன். 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாய் மில்லிக்கு 20 சொட்டு விடும் வகை. மொத்தம் 10,000 சொட்டு, 480 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21. கட்டிலருகே நின்று, நொடி முள்ளைப் பார்த்தபடி 15 நொடி எண்ணுங்கள். ஐந்து சொட்டு விழுந்தால் சரியாக ஓடுகிறது. பெருக்கலும் வகுத்தலும்தான், வேறொன்றும் இல்லை. வரிசையில் நிற்பவர்கள் முறைத்துக்கொண்டிருக்க, தள்ளுபடி போக மீதிச் சில்லறை எண்ணிக் கொடுத்த கைக்கு இது வரும். ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் சரிபார்த்த பிறகே கொடுப்பது நல்ல வார்டுகளின் வழக்கம். கை நடுங்குகிறவர் இரண்டாவது முறை பார்ப்பார். ‘எல்லாம் தெரியும்’ என்று ஊசியை எடுத்தவர்களின் பின்னால்தான் நான் அதிகம் ஓடியிருக்கிறேன்.

அடுத்தது பாதியில் நின்றுவிடும் பயம். இதுதான் உண்மையில் கனமானது. ஆனால் கனம் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. என்னிடம் படித்த ஒருத்தி மூன்றாம் ஆண்டில் நின்றுபோனாள். கட்டணம் கட்டியிருந்தாள், மதிப்பெண்ணும் குறைவில்லை. மாலையில் ஒரு கடையில் வேலை பார்த்துத்தான் வீட்டுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தாள். வார்டுப் பயிற்சியில் பிற்பகல் முறை வந்தது, பிறகு இரவு முறை வந்தது. கடைக்காரர் இரண்டு வாரம் பொறுத்தார், மூன்றாவது வாரம் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அவளை நிறுத்தியது நேரம். அதை நாங்கள் யாரும் சேரும்போதே அவளிடம் சொல்லவில்லை. அந்தக் குறை எங்களுடையது. இன்னும் மனதை அறுக்கிறது.

நேரம் என்றால் எவ்வளவு? நாட்டுக்கு நாடு விதி மாறும். ஓர் அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளியோடு கழிய வேண்டும். பாதி என்றால் 2,300 மணி. நாளுக்கு 8 மணி வீதம் வகுத்தால் 287 நாளுக்கு மேல் வருகிறது. வாரம் 6 நாள் வேலைக்குப் போகிறவருக்கு அது கிட்டத்தட்ட ஓர் ஆண்டுச் சம்பளம். எந்தக் கல்லூரியின் கட்டணப் பட்டியலிலும் இந்த வரி இருக்காது. இத்தனைக்கும் 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, மாணவிகளுக்குத் தங்க இடமும் உணவும் சீருடையும் கொடுத்து, ஆண்டுக்கு 10 பவுண்டு கையிலும் கொடுத்தார்கள். வார்டில் வேலை செய்கிறவரே காசும் கட்டும் ஏற்பாடு எப்போது நுழைந்ததோ, எனக்கு இன்றுவரை எரிச்சல்தான்.

ஆகவே கல்லூரிக்கு மறுபடி ஒருமுறை போய், நான்கு ஆண்டுக்கான வார்டுப் பயிற்சி அட்டவணையைக் கேளுங்கள். எந்தப் பருவத்தில் இரவுப் பணி, வாரத்தில் எத்தனை நாள், பயிற்சி மருத்துவமனை எவ்வளவு தூரம், போக்குவரத்துச் செலவு யாருடையது? அட்டவணை இல்லை என்று மழுப்பினால் அதுவே ஒரு பதில். பட்டத்துக்கு உங்கள் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்காமல் கவுன்சிலிடமே நேரில் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் வேலை இல்லை.

சில்லறைச் செலவுகளும் உண்டு. சீருடை, பாடநூல், தேர்வுக் கட்டணம், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி (வழக்கமாக மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும், இப்போதே தொடங்கிவிடலாம்), பிறகு காலணி. காலணியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவாகக் கிடைத்ததே என்று முதலாண்டில் நான் வாங்கிய ஜோடி அடிக்கு அடி கீச்சிட்டது. முதல் இரவுப் பணியில் ஒரு பெரியவர் கண்ணைத் திறந்து, “எலி வந்திருக்கிறதா சிஸ்டர்?” என்றார். அந்த மாதமே இன்னொரு ஜோடி வாங்க வேண்டியதாயிற்று.

கடனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வட்டி எந்த நாளிலிருந்து ஏறும், தவணை எப்போது தொடங்கும், ஒரு பாடத்தில் தவறி ஓராண்டு கூடினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில மருத்துவமனைகள் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, படிப்பு முடிந்ததும் இத்தனை ஆண்டு எங்களிடம் வேலை செய் என்று ஒப்பந்தம் கேட்கும். மோசம் என்று சொல்ல மாட்டேன். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற பத்தியை முதலில் படியுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொள்வோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை கிடைக்குமா? உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023-இல் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள். இன்னும் 58 லட்சம் பேர் பற்றாக்குறை. இந்த எண்ணைக் காட்டித்தான் எல்லோரும் ஆள் சேர்ப்பார்கள். பற்றாக்குறையை மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். பணியிடத்தை உருவாக்குவதோ மருத்துவமனையின் பட்ஜெட். அதனால்தான் ஒரே இடத்தில் ஆளில்லாத வார்டும் வேலையில்லாத செவிலியரும் அக்கம்பக்கமாக இருக்க முடிகிறது. நீங்கள் சேரப்போகும் கல்லூரியில் போன ஆண்டு முடித்த நான்கு பேரைத் தேடிப் பிடித்து, எத்தனை மாதத்தில் வேலை, முதல் சம்பளத்தில் தவணை போக என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. சேர்க்கை முடிவதற்குள் எத்தனை மாதம் இருக்கிறதோ அத்தனை மாதமும், வார்டுப் பயிற்சி தொடங்கினால் எவ்வளவு வருமானம் குறையுமோ அந்தத் தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். வீடு எங்கே முனகுகிறது என்று தெரிந்துவிடும். மிஞ்சுவது முதல் பருவத்துக்கு உதவும். வீடு தாங்கவே இல்லையென்றால், இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கல்லூரியைக் கேளுங்கள். அல்லது குறைந்த காலப் பட்டயப் படிப்பில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பிறகு பட்டத்துக்கு ஏறும் வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். எட்டு மாதம் பாட்டிக்குப் புண் வராமல் பார்த்துக்கொண்டீர்களா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. வரவில்லையென்றால், என் மாணவிகள் பலர் இரண்டாம் ஆண்டில் கற்றதை நீங்கள் கட்டணமில்லாமல் கற்றுவிட்டீர்கள்.

கேள்வி: என் மகள் செவிலியப் படிப்பில் இறுதியாண்டு. வெளிநாட்டு வேலை உறுதி என்று சொல்லி ஒரு முகவர் இப்போதே முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் வேலை தேடுவோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது, சில விதிவிலக்குகள் தவிர, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை எண் 181 சொல்லும் பொது விதி. ஏற்றுக்கொண்ட நாடுகளையே அது கட்டுப்படுத்தும். ஆனாலும் அந்த முகவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பாதி தெரிந்துவிடும். மேலும், செவிலியருக்கு உரிமம் கொடுப்பது அந்தந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு. அமெரிக்கா என்றால் என்கிளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும். மகள் இன்னும் எழுதாத தேர்வின் முடிவை அவர் எப்படி உறுதி செய்கிறாராம்?