விதை முளைக்கவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மிளகாய் விதை போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன், ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. விதை செத்துவிட்டதா?

இன்னும் செத்திருக்காது, ஆனால் இரண்டு வேளை தண்ணீர் தொடர்ந்தால் செத்துவிடும். விதைக்குத் தண்ணீர் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், அது மூச்சும் விடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். தண்ணீர் உள்ளே போனதும் விதை தான் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் உடைத்து ஆற்றலாக்கத் தொடங்கும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும், மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் அது எப்படிப் போய்ச் சேரும்? மண்ணில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. அவ்வளவு ஈரம் போதும்.

அப்புறம், மிளகாய் இயல்பிலேயே மெதுவானது. 25 முதல் 30 டிகிரி வெப்பம் கிடைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டும். குளிர்ந்த அறையில் மூன்று வாரம்கூட இழுக்கும். மனசு கேட்காவிட்டால் ஒரே ஒரு விதையைத் தோண்டி நசுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் காத்திருங்கள். கூழாக வந்தால் புதிதாகப் போடுங்கள். தினமும் ஒவ்வொன்றாகத் தோண்டுவது வேண்டாம் (பலரும் செய்கிறீர்கள், தெரியும்).

எல்லா விதையையும் ஊறவைக்க வேண்டுமா?

வேண்டாம். பாகல், வெண்டை மாதிரி தோல் தடித்தவற்றை ஓர் இரவு ஊறவைத்தால் போதும், ஒரு நாளைத் தாண்டினால் மேலே சொன்ன மூச்சுத்திணறல்தான். பாகல் ரொம்ப அடம்பிடித்தால் நகவெட்டியால் ஓட்டின் ஓரத்தை லேசாகக் கிள்ளிவிடுங்கள், உள்ளே இருக்கும் பருப்பில் வெட்டு விழாமல். தக்காளி, கீரை போன்ற பொடி விதைகளை ஊறவைத்தால் விரலில் ஒட்டிக்கொண்டு விதைக்கவே விடாது.

தண்ணீரில் மிதக்கும் விதைகளைக் கொட்டிவிடலாமா?

எனக்கு இந்தச் சோதனையில் நம்பிக்கையில்லை. தோலுக்கடியில் கொஞ்சம் காற்று இருந்தாலே நல்ல விதையும் மிதக்கும். பத்து விதைகளை ஈரமான டிஷ்யூ பேப்பரில் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். அந்த வகைக்குரிய நாட்களுக்குள் ஏழு முளைத்தால் முளைப்புத்திறன் 70 சதவீதம், கணக்கு அவ்வளவுதான். முளைத்தவற்றையும் வீணாக்க வேண்டாம்: வேர் அரை சென்டிமீட்டர் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். விதையின் உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள், வேரைத் தொடாதீர்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் மாதிரி வேரைச் சுற்றித் தெரிவது பெரும்பாலும் வேர்த்தூவிதான் (வேரில் முளைக்கும் மெல்லிய இழைகள்), பயந்துபோய்க் கழுவிவிடாதீர்கள்.

வேர் மேல்நோக்கிப் போய்விட்டது, திருப்பி வைக்கவா?

தேவையில்லை. புவியீர்ப்பை உணர்ந்து அதுவே கீழே வளைந்துகொள்ளும்.

நாற்று நன்றாகத்தான் வந்தது, திடீரென்று சாய்ந்துவிட்டது. ஏன்?

இதில் இரண்டு விஷயம் கலந்துவிடுகிறது. தண்டு வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, பாரம் தாங்காமல் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். ஜன்னலோரம் நமக்குத்தான் பிரகாசம், நாற்றுக்கு அது அரையிருட்டு. முளை தெரிந்த அன்றே நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். நீண்டுபோன தக்காளியை வித்திலை (முதலில் விரியும் இரண்டு இலை) வரை ஆழமாக நட்டுக் காப்பாற்றிவிடலாம், தண்டிலிருந்தே வேர் விடும்.

மண்மட்டத்தில் தண்டு கிள்ளியது போல மெலிந்து, பழுப்பாகி, ஒரே இரவில் விழுந்தால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. பக்கத்து நாற்றுகளைக் காப்பாற்ற மூடியைத் திறந்து காற்று விடுங்கள், மேல்மண் காய்ந்த பிறகு அடியிலிருந்து தண்ணீர் கொடுங்கள், அடுத்த முறை பழைய மண்ணையும் கழுவாத தட்டையும் பயன்படுத்தாதீர்கள்.

லெட்யூஸ் (சாலட் கீரை) மட்டும் எனக்கு முளைப்பதே இல்லை.

ஆழமாகப் புதைத்திருப்பீர்கள். பெரும்பாலான விதைகளை அவற்றின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் போடலாம், ஆனால் லெட்யூஸில் பல வகைகளுக்கு வெளிச்சம் பட வேண்டும். சிவப்பு ஒளி அதன் முளைப்பைத் தூண்டுகிறது, தொலைச்சிவப்பு ஒளி (சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு அரிதாகவே தெரிவது) தடுக்கிறது என்று 1952-லேயே காட்டிவிட்டார்கள். மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். 30 டிகிரிக்கு மேல் சூடு இருந்தாலும் பல வகைகள் முளைக்க மறுக்கும், குளிர்ச்சியான இடமாகப் பாருங்கள்.

மூன்று வருடப் பழைய விதை பாக்கெட்டுகள் இருக்கின்றன. போடலாமா?

வெங்காயமா, நம்ப வேண்டாம், ஓரிரு வருடத்தில் திறன் விழுந்துவிடும். தக்காளியா, தாராளமாக. 1879-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீல் புட்டிகளில் புதைத்துவைத்த களை விதைகளில் சில 2021-ல்கூட முளைத்தன, அதனால் தேதியை மட்டும் பார்த்து எறியாதீர்கள், டிஷ்யூ சோதனை செய்யுங்கள். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படித்தான் என்பது விதை சேமிப்பில் பழைய கணக்கு. நன்றாகக் காயவைத்து, இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் திறக்காதீர்கள், புட்டி அறையின் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் வந்து படியும்.