ட்வீட்டர் குத்துகிறதா, சுவர் குத்துகிறதா?

கேள்வி: ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. பெண் குரலில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிளைக் குறைத்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, குத்தல் மட்டும் போகவில்லை. நண்பர் ஒருவர் உயர்ரகக் கேபிள் போடச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்பீக்கரையே மாற்றச் சொல்கிறார். அதிகச் செலவில்லாமல் வழி உண்டா? ஸ்பீக்கரின் பின்னால் நான்கு டெர்மினல் இருக்கிறது. அறை 12-க்கு 14 அடி, தரை டைல்ஸ்.

பதில்: ட்ரெபிளைக் குறைத்தும் குத்தல் போகவில்லை என்றீர்களே, நல்ல துப்பு அது. எனக்கு வயது 66. 11,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கேட்பதில்லை. அந்த எல்லைக்கு மேல் சோதிக்கப் பேரன் காதைத்தான் கடன் வாங்குகிறேன். ஆனாலும் உங்கள் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கும் குத்தும். ஏனென்றால் குத்தல் பெரும்பாலும் இருப்பது உச்சியில் இல்லை, 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். ட்ரெபிள் திருகு அதிகமாகக் கைவைப்பது அதற்கு மேலே, 10,000 ஹெர்ட்ஸ் பக்கம். பளபளப்பு போய்விடும், முள் அப்படியே இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஸ்பீக்கருக்கு மூன்றடி முன்னால் நாற்காலியைப் போட்டு, தொந்தரவு தருகிற அதே பாட்டைக் கேளுங்கள். கிட்டே போனால் சத்தம் கூடும், அதற்குத் தக்கபடி வால்யூமைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். கிட்டே கேட்கும்போது குத்தல் பாதியாகக் குறைந்தால் குற்றம் அறையின் மேல். அப்படியே இருந்தால் ஸ்பீக்கரின் மேல். உங்கள் டைல்ஸ் தரையைப் பார்த்தால் அறையைத்தான் சந்தேகிக்கிறேன். நடுவில் நின்று ஒரு தட்டு கைதட்டிப் பாருங்கள். ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு வால் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் சொந்த ஸ்பீக்கர் ஒரு சமயம் இதே போலக் குத்தியது. சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? இரண்டு ட்வீட்டரையும், அதாவது பெட்டிக்குள் மேல் ஒலிகளைப் பாடும் சின்ன ஸ்பீக்கர்களை, கழற்றி, பட்டு டோம் (குமிழ் போன்ற முகம்) வைத்த வேறு ஜோடி போட்டேன். குத்தல் கொஞ்சம்கூடக் குறையவில்லை. மழை நாள் ஒன்றில் வீட்டில் ஈரப் போர்வையைக் கண்ணாடி அலமாரிக் கதவின் மேல் காயப்போட்டிருந்தார்கள். அன்று பாட்டு பாலாக வந்தது. மறுநாள் போர்வையை எடுத்ததும் பழைய கதை. கழற்றிய ட்வீட்டர்கள் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன, பாவம், ஒரு குற்றமும் செய்யாதவை.

சரி, அறைதான் என்றால் என்ன செய்வது? உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம். பக்கச் சுவரில் எந்த இடம் என்று தெரிய, நீங்கள் உட்கார்ந்துகொண்டு ஒருவரைச் சுவரோரமாக முகக்கண்ணாடியைப் பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடத்தில் திரை வர வேண்டும். இங்கே பலரும் ஏமாறுவது மெல்லிய திரையில். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 3 செ.மீ. அளவுக்காவது தடிமனோ சுவரிலிருந்து இடைவெளியோ இருந்தால்தான் துணி அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். மெல்லிய துணியைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் அது உச்சியை மட்டும் தின்றுவிட்டு முள்ளை விட்டுவிடும். ட்ரெபிள் திருகு செய்த அதே வேலை. கனமான துணி, நிறைய மடிப்பு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. புத்தக அலமாரி இருந்தால் அதையும் அந்தப் பக்கம் நகர்த்தலாம், சமமில்லாத முகம் ஒலியைச் சிதறடிக்கும்.

அப்புறம் கோணம். இப்போது ஸ்பீக்கர் நேரே உங்கள் முகத்தைப் பார்க்கிறது என்றால், கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். வழக்கமான ட்வீட்டரின் டோம் 25 மி.மீ. அகலம். அலைநீளம் அந்த அளவுக்குச் சுருங்கும்போது ஒலி டார்ச் வெளிச்சம் போல முன்னால் மட்டும் குவியும். 20 டிகிரி திரும்பினாலே உச்சி ஒலி தணிவது தெரியும். கழற்றி வைத்த முன்பக்கத் துணி மூடி இருந்தால் அதையும் மாட்டிக் கேளுங்கள்.

கிட்டே போயும் குத்துகிறது என்றால் இரண்டு பொருள் வாங்கலாம். முதலாவது 5 மி.மீ. தடிமனுள்ள கம்பளி ஃபெல்ட். ட்வீட்டரிலிருந்து கிளம்பும் ஒலி பெட்டியின் முகத்தில் ஊர்ந்து, விளிம்பில் மோதி, இரண்டாம் முறை கிளம்புகிறது. நேர் ஒலியோடு அது சற்றுத் தாமதமாக வந்து கலக்கும்போது ஒரு கரடுமுரடு பிறக்கும். ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் ஒட்டினால் அந்த ஊர்ந்து போகும் ஒலி பாதி வழியில் அடங்கிவிடும். பிபிசி 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன மானிட்டர் ஸ்பீக்கரின் ட்வீட்டரைச் சுற்றி இப்படித்தான் ஃபெல்ட் பட்டைகள் இருக்கும். இருபுறமும் ஒட்டும் டேப் போதும். டோமில் மட்டும் விரல் படக்கூடாது, ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான்.

இரண்டாவது, எனக்குப் பிடித்தது: ஸ்பீக்கருக்கு ஒன்றாக 1 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும் சின்ன உறுப்பு. நான்கு டெர்மினல் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, அதிலிருந்து வரும் ஒயரைக் கீழ் ஜோடியில், அதாவது கீழ் ஒலிகளைப் பாடும் வூஃபரின் ஜோடியில், இணையுங்கள். (எது எந்த ஜோடி என்று பின்னால் எழுதியிருக்கும், மாறிவிட வேண்டாம்.) இரண்டு ஜோடியையும் சேர்க்கும் தகடுகளில் சிவப்பை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ரெசிஸ்டரைப் போடுங்கள். கறுப்புத் தகடு அப்படியே இருக்கட்டும். 8 ஓம் ட்வீட்டர் பகுதிக்கு இது ஏறக்குறைய 1 டெசிபல் குறைக்கும். 2.2 ஓம் போட்டால் 2 டெசிபல். கேட்க அற்பமாகத் தோன்றும். ட்வீட்டர் பாடும் பகுதி முழுவதும் ஒரே அளவில் இறங்குவதால் நன்றாகவே தெரியும். முள் இருக்கும் இடத்தையும் சேர்த்து இறக்குவதுதான் திருகுக்கும் இதற்கும் வித்தியாசம். சத்தமாக வைத்தால் ரெசிஸ்டர் சூடாகும், ஒயரின் பிளாஸ்டிக் உறையில் ஒட்டாமல் வையுங்கள்.

கேபிள் விஷயம். 2.5 சதுர மி.மீ. சாதாரணச் செம்பு ஒயர் 3 மீட்டருக்கு, போக வர, 0.04 ஓம்தான். 1 ஓம் போட்டால்தான் 1 டெசிபல் என்று மேலே பார்த்தோம், மிச்சக் கணக்கை நண்பரிடமே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ட்வீட்டரின் முன்னால் டிஷ்யூ பேப்பர் ஒட்டினால் சீறல் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: குறையும். யமஹா 1978-ல் கொண்டுவந்த என்எஸ்-10, வெள்ளைக் கூம்பு வூஃபர் வைத்தது, ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் புகுந்தபோது ஒலிப்பதிவாளர்கள் அதன் ட்வீட்டர் முன் டிஷ்யூவைத் தொங்கவிட்டார்கள். 1987-ல் வந்த ஸ்டூடியோ பதிப்பில் நிறுவனமே ட்வீட்டரை அடக்கி வைத்தது. ஆனால் காகிதம் ஒலியின் ஒரு பகுதியைத் திருப்பியும் அடிக்கிறது. சில அலைவரிசைகள் குழியாகும், சில மேடாகும். எந்தக் காகிதம், எத்தனை மடிப்பு என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒரு சாயங்காலம் விளையாடிப் பார்க்கலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் ரெசிஸ்டர்.

கேள்வி: என் ஸ்பீக்கர் மெதுவாக வைத்தால் நன்றாக இருக்கிறது, வால்யூம் முக்கால் தாண்டினால் மட்டும் காதைக் கிழிக்கிறது. ஃபெல்ட் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஆம்ப்ளிஃபையர் மூச்சுத் திணறுகிறது. சக்தி போதாதபோது அலையின் தலை வெட்டுப்பட்டு, பாட்டில் இல்லாத மேல் ஒலிகள் உண்டாகி ட்வீட்டருக்குப் போகின்றன. இப்படியே தொடர்ந்தால் அதன் கம்பிச்சுருள் எரிந்துவிடும். வால்யூமை இன்றைக்கே முக்காலுக்குக் கீழே இறக்குங்கள். ஆம்ப்ளிஃபையரின் வாட் அளவு, ஸ்பீக்கரின் ஓம், அறையின் அளவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.