சக்கர நாற்காலியும் செல்லும் நினைவுத் தோப்பு

கேள்வி: ஊருக்கு வெளியே எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. ஒரு பக்கம் கரடு, அதாவது சிறு பாறைக்குன்று. அதன் அடியில் பழைய வேம்புகளும் புங்கன்களும் நிற்கின்றன. மறைந்தவர்களை நினைத்து ஊரார் எவரும் வந்து அமைதியாக உட்காரும் தோப்பாக இதை மாற்ற விரும்புகிறோம். சக்கர நாற்காலியில் இருக்கும் என் தாயாரும் பிறர் துணையின்றி வந்துபோக வேண்டும். எதில் தொடங்குவது? இறந்தவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம் நடலாமா?
– வாசகர், அரூர் வட்டம்

பதில்: மரக்கன்று வாங்குவதற்கு முன் பாதையைத் தீர்மானியுங்கள். மரங்களை நட்டபின் பாதையைத் தேடினால், அது வேர்களையும் மேடுபள்ளங்களையும் சுற்றி வளைந்து, கடைசியில் நடக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே உரியதாகிவிடும். சக்கர நாற்காலிக்கென்று பின்புறம் தனி வழி வைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். துக்கத்தோடு வருகிறவரைத் தனியே பிரித்து அனுப்புவது பெருங்கொடுமை. எல்லாரும் செல்லும் ஒரே பாதை ஆறடி அகலம் இருக்கட்டும். இருபது அடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் ஏறாத சரிவே தானாக உருட்டிச் செல்பவருக்கு ஏற்றது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்பது கைப்பிடியோடு அமைக்கும் சாய்தளத்துக்கான எல்லை. ஆகவே கரட்டின் மேல் ஏறாமல் அதன் அடிவாரத்தை ஒட்டியே செல்லுங்கள்.

பாதையில் ஜல்லியைப் பரப்பிவிட்டு நிறுத்தினால் சக்கரம் புதையும். கிராவல் மண்ணை நீர் தெளித்து, உருளையால் இறுக்கி, மழைநீர் ஓரமாக வடியும்படி அமைப்பது செலவும் குறைவு, பார்வைக்கும் இயல்பு. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் கிரானைட் பலகையைப் பதிப்பதானால் மெருகேற்றாத சொரசொரப்பான பரப்பையே கேளுங்கள். நாற்காலியின் சிறிய முன்சக்கரம் சிக்காதபடி இடைவெளிகள் அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு நூறடிக்கும் முதுகுசாயும் ஓர் இருக்கையும், அதன் பக்கத்தில் நாற்காலி வந்து நிற்கச் சமதளமும் விடுங்கள். அப்போதுதான் உங்கள் தாயார் மற்றவர்களுக்குப் பின்னால் நில்லாமல் அவர்களோடு ஒரே வரிசையில் இருப்பார்.

புங்கன், கோடை முற்றும் வேளையில் புதுத்தளிர் விட்டு நிழல் தரும் மரம் என்பதால் அது உங்கள் இடத்துக்கு மிகவும் உகந்தது. பார்வையற்றவருக்கும் தோப்பு உணரப்படும்படி மகிழம், பவளமல்லி போன்ற மணமுள்ளவற்றை இருக்கைகளுக்கு அருகில் வையுங்கள். ஆலும் அரசும் வேரால் பாதையைப் பெயர்த்துவிடும் என்பதால் தள்ளி நடுங்கள். நாவல் பழம் விழுந்து வழுக்கும். சீமைக்கருவேல் இருந்தால் வேரோடு அகற்றுங்கள், முள் டயரைக் குத்தும். புரட்டாசி, ஐப்பசி மழையில் நட்டு, முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஒரு மரம் என்ற எண்ணத்தை மட்டும் கைவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மானாவாரி நிலத்தில் எல்லாக் கன்றும் பிழைப்பதில்லை. தந்தையின் பெயரில் நட்ட கன்று காய்ந்து நிற்பதைக் காணும் மகனுக்கு அது இரண்டாவது இழப்பு. தோப்பு முழுவதும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும், பெயர்கள் ஒரே கல்லில் இருக்கட்டும். வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ள மாவட்டம் உங்களுடையது. அவற்றுள் பலவற்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் காணலாம். உங்கள் கல்லில் பெயர்களைத் தரையிலிருந்து இரண்டரை அடிக்கும் நான்கு அடிக்கும் இடையில், விரலால் தடவி அறியும்படி புடைப்பாகவும் பிரெயிலிலும் பொறியுங்கள். கரட்டுப் பக்கம் பழைய நடுகல்லோ, கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச்சின்னமான கற்திட்டையோ தென்பட்டால் அசைக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்கள் நிலத்தை அடுத்துள்ள காப்புக்காட்டிலும் பாதையை நீட்டலாமா?
– அதே வாசகர்

பதில்: கூடாது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே பாதை போடுவதும் கல் நடுவதும் சட்டப்படி குற்றமாகும். உங்கள் பட்டா எல்லையோடு நிறுத்திக்கொண்டு, கடைசி இருக்கையைக் காட்டை நோக்கி அமையுங்கள்.