அன்னமும் ஆனந்தமும் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் போச்சம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன். வயது 36. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். கடந்த தை மாதம் ஏழு நாள் மௌனத் தியான முகாம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஐந்தாம் நாள் காலையில் உடல் இருப்பதே மறந்துபோய், காரணமில்லாத ஓர் ஆனந்தம் உள்ளே பொங்கி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பிய சில நாட்களில் அது போய்விட்டது. இப்போது தினமும் உட்கார்கிறேன், வரவில்லை. வீட்டில் அம்மாவின் டிவி சத்தம், மாங்காய்க்கு விலை இல்லை என்ற புலம்பல், மகளின் பள்ளிக் கட்டணம். போன வாரம் நான் கண்மூடி உட்கார்ந்திருந்தபோது அம்மா களித் தட்டோடு வந்து கூப்பிட்டார்கள். வந்த கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன்.

அன்று கிடைத்தது ஞானத்தின் தொடக்கமா? அதை மீண்டும் பெற எந்தக் குருவிடம் போக வேண்டும்? குண்டலினி எழுந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று ஒரு நண்பர் சொல்கிறார், சரியா? வெங்காயம், பூண்டை விட வேண்டுமா? நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வறண்ட பூமி, இங்கே ஞானிகள் யாரும் இல்லை. வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். ரமணரும் வீட்டை விட்டுப் போனவர்தானே?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தைத்திரீய உபநிடதத்தின் மூன்றாம் வல்லியான, அதாவது மூன்றாம் பகுதியான, பிருகுவல்லியைச் சில நாட்களாக மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதன் ஆறாவது அனுவாகம் (உட்பிரிவு) முடிந்து ஏழாவது தொடங்கும் இடம் என்னை மேலே போகவிடாமல் நிறுத்தி வைத்திருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டேன் என்ற அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் தனியாகச் சுருக்கமாக எழுதி அனுப்பியிருப்பேன். குண்டலினி பற்றிய நண்பரின் கருத்தை விட்டுவிடுவோம். வெங்காயமும் பூண்டும் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

அன்று காலையில் உங்களுக்கு நேர்ந்ததை நான் ஐயப்படவில்லை. பசியாலும் தூக்கக் குறைவாலும் வந்த பிரமை என்று அதைச் சிறுமைப்படுத்துகிறவர்களோடு நீங்கள் வாதிடவும் வேண்டாம். கடனும் மழையும் தவிர வேறு பேச்சு அதிகம் கேட்காத வீட்டில் வளர்ந்து, இரவு ஷிப்டிலும் பகல் ஷிப்டிலும் மாறி மாறித் தூக்கத்தைத் தொலைத்த ஒருவனுக்கு, எந்தக் காரணமும் இல்லாமல் மகிழ்ந்திருக்க முடியும் என்று ஒருமுறையேனும் தெரியவந்தது பெரிய கொடை. அந்தக் கண்ணீரை நான் வணங்குகிறேன்.

ஆனால் அது ஞானம் அன்று. மாண்டூக்ய உபநிடதத்துக்குச் செய்யுள் விளக்கமான மாண்டூக்ய காரிகையின் மூன்றாம் அத்தியாயத்தில் கௌடபாதர், ஒடுங்கிய மனத்தில் எழும் சுகத்தை அங்கேயே நின்று சுவைக்காதே, விவேகத்தால் பற்றில்லாமல் இரு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த சதானந்தர் வேதாந்தசாரம் என்ற நூலில் சமாதிக்கு நேரும் தடைகள் நான்கைக் கூறும்போது, உறக்கம், சிதறல், பழைய பற்றுகளால் மனம் இறுகிப்போவது ஆகிய மூன்றுக்கும் பிறகு, நான்காவது தடையாக இந்தச் சுவைத்தலையே வைக்கிறார். ரஸாஸ்வாதம் என்பது அதன் பெயர். நீங்கள் தொடக்கம் என்று நினைக்கிற ஒன்றை மரபு தடைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதை உங்களுக்கு அந்த முகாமில் யாரேனும் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆத்மாவை மூடியிருப்பதாக வேதாந்தம் சொல்லும் அன்னம், பிராணன், மனம், விஞ்ஞானம் (பகுத்தறியும் அறிவு), ஆனந்தம் என்ற ஐந்து உறைகளில் கடைசியான ஆனந்தமயத்தையும் உறை என்றே சங்கரர் கொள்கிறார். ராமானுஜர் ஆனந்தமயனே பரம்பொருள் என்பார். அந்த வழக்கு பெரியது, உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை. தை மாதத்தில் வந்து மாசிக்குள் போய்விட்ட ஒன்றைப் பரம்பொருள் என்று இருவருமே சொல்லவில்லை.

தைத்திரீயத்தின் இரண்டாம் வல்லியில் ஆனந்தத்தை அளந்து காட்டும் ஒரு பகுதி இருக்கிறது. இளைஞன், நல்லவன், கற்றவன், உடலுரம் மிக்கவன், செல்வம் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் அவனுக்கே சொந்தம் என்று ஒருவனை வைத்துக்கொண்டு, அவனுடைய மகிழ்ச்சியை மனித ஆனந்தத்தின் ஓர் அலகு என்கிறது. அதன் நூறு மடங்கு மனித கந்தர்வர்களின் ஆனந்தம், அதன் நூறு மடங்கு தேவ கந்தர்வர்களுடையது என்று, பித்ருக்கள், தேவர்கள், இந்திரன், பிரகஸ்பதி, பிரஜாபதி வழியாகப் பிரம்மத்தின் ஆனந்தம் வரைக்கும் பத்து முறை நூறால் பெருக்கிக்கொண்டு போகிறது. கேட்கிற எவருக்கும் நாம் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த படிக்கு எப்படி ஏறுவது என்றுதான் தோன்றும். உங்கள் கடிதத்திலும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் உபநிடதம் ஒரு தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: வேதம் உணர்ந்தவனாய், ஆசையால் அடிபடாதவனாய் இருப்பவனுக்கும் இதே ஆனந்தம். முதல் படியான மனித ஆனந்தத்தில் அந்தத் தொடர் இல்லை. அதற்கு மேலே பத்து முறையும் இருக்கிறது. சங்கரர் இந்த இடத்தில், கல்வியும் குற்றமின்மையும் எல்லாப் படிகளிலும் பொதுவாக இருக்க, ஆசையின்மை மட்டுமே படிக்குப் படி உயர்கிறது, ஆனந்தம் உயர்வதும் அதனால்தான் என்று விளக்குகிறார். தம்பி, பிரமோஷன் மீதும் மாங்காய் விலை மீதும் உங்களுக்கு இருந்த ஆசை இப்போது அந்த ஐந்தாம் நாள் காலையின் மீது போய் உட்கார்ந்திருக்கிறது. அது முன்னைவிடக் கூர்மையாகவும் இருக்கிறது. மாங்காய்க்காக நீங்கள் யாருடைய தட்டையும் தள்ளிவிட்டதாக எழுதவில்லையே.

நம் பக்கத்தில் ஞானிகள் இல்லை என்று எழுதியதற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அரூருக்குப் பக்கத்தில் தீர்த்தமலை இருக்கிறது, அருணகிரிநாதர் அங்கே வந்து பாடியிருக்கிறார். நீங்கள் பாப்பாரப்பட்டிக்குப் போயிருக்கிறீர்களா? சுப்பிரமணிய சிவா விடுதலைப் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர் என்பது பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் காவி உடுத்திய வேதாந்தி என்பதையும், ஞானபாநு என்ற இதழை நடத்தியவர் என்பதையும் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சிறையில் தொழுநோய் தொற்றி, அந்த நோயைக் காரணம் காட்டி அரசு அவரை ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்த பிறகு, புண்பட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்தே போனார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப நினைத்து, 1923இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று அங்கேயே உயிர் துறந்தார். அப்போது அவருக்கு 40 வயதுதான், உங்களைவிட நான்கு வயது கூட. அவருடைய உள்நிலையை அளக்க நமக்குக் கருவி கிடையாது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓய்ந்து உட்காரவில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் ஊரிலிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய இடம் அது. இனிமேல் வறண்ட பூமி என்று எழுதாதீர்கள்.

ரமணர் வீட்டை விட்டுப் போனவர்தான். அவரை எடுத்துக்காட்டும்போது முழுவதுமாக எடுத்துக்காட்ட வேண்டும். 1896இல் தன்னை உணர்ந்த அந்தப் பெரும் மாற்றம் அவருக்கு நேர்ந்தது மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியறையில். திருவண்ணாமலைக்கு அவர் வந்து சேர்ந்தது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு, செப்டம்பர் 1ஆம் தேதி. ஆனந்தத்தைத் தேடிக்கொண்டு அவர் அங்கே போகவில்லை. 1916இல் அவருடைய தாயார் அழகம்மாள் மகனோடு இருக்க வந்தார், மலையில் சமையல் தொடங்கியது. 1922இல் அந்த அம்மாள் இறக்கும்வரை மகன் உடனிருந்தார். பிற்காலத்தில் ஆசிரமச் சமையலறையில் விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்து காய் நறுக்கியவரும் அவர்தான். துறக்கட்டுமா என்று கேட்டு வந்த இல்லறத்தார்களை அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். உங்களையும் அனுப்பியிருப்பார்.

இப்போது அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

எனக்கு தைத்திரீயம் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர். தர்மபுரி குமாரசாமிப்பேட்டையில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் வகுப்பு நடக்கும். தம் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தார், எழுதவில்லை. அவருடைய மனைவி வாதத்தால் படுக்கையில் இருந்தார். ஏழு மணியானால், மந்திரத்தின் நடுவில் இருந்தாலும் ஆசிரியர் எழுந்து உள்ளே போவார். களியை மோரில் கரைத்து, ஒவ்வொரு கரண்டியாக ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, அந்த அம்மாள் ஏதேனும் சொன்னால் கேட்டுவிட்டுத்தான் வருவார். விட்ட சொல்லிலிருந்து பாடம் மறுபடி தொடங்கும். எங்களில் ஒருவன் பொறுமை இழந்து, இதற்கு ஓர் ஆளை வைத்துக்கொள்ளக் கூடாதா ஐயா, பாடம் அறுந்துபோகிறதே என்று கேட்டான். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து களி கரைக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்தார். கட்டியில்லாமல் கரைக்க அவனுக்கு வெகுநாள் பிடித்தது.

பிருகுவல்லியின் ஆறாவது அனுவாகத்தை அவர் நடத்திய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வருணனின் மகன் பிருகு, எனக்குப் பிரம்மத்தைச் சொல்லித்தாருங்கள் என்று தந்தையிடம் கேட்கிறான். எதிலிருந்து உயிர்கள் பிறக்கின்றனவோ, எதனால் வாழ்கின்றனவோ, எதில் போய்ச் சேர்கின்றனவோ அதைத் தவத்தால் அறிந்துகொள் என்கிறார் தந்தை. மகன் தவம் செய்து, அன்னமே பிரம்மம் என்று கண்டு திரும்பி வருகிறான். மறுபடி தவம் செய் என்கிறார். பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுவந்து, ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்படுகிறான். கடைசியாக ஆனந்தமே பிரம்மம் என்று கண்ட பிறகு அவன் தந்தையிடம் கேட்க வரவில்லை, கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆசிரியர் அங்கே நிறுத்தி, உபநிடதம் முடிந்துவிட்டதா என்று எங்களைக் கேட்டார். முடிந்துவிட்டது என்றே எல்லோரும் சொன்னோம். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஏழாவது அனுவாகத்தின் முதல் சொற்களைச் சொன்னார். அன்னத்தைப் பழிக்காதே, அது விரதம். எட்டாவது அனுவாகம் அன்னத்தைத் தள்ளாதே, அது விரதம் என்று தொடங்குகிறது. ஒன்பதாவது, அன்னத்தை நிறையப் பெருக்கு, அது விரதம் என்கிறது. பத்தாவது, தங்க இடம் கேட்டு வந்த எவரையும் மறுக்காதே, அது விரதம், ஆகவே எப்பாடு பட்டாவது நிறைய உணவு தேடிவை, வந்தவரிடம் சோறு ஆயத்தமாக இருக்கிறது என்றே நல்லோர் சொல்வார்கள் என்கிறது. இவை எந்த இடத்தில் வருகின்றன என்பதைப் பாருங்கள். தொடக்கநிலைச் சீடனுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் சீக்ஷாவல்லியில் இவை வந்திருந்தால் நல்ல அறிவுரை என்று கடந்து போயிருக்கலாம். இவை ஆனந்தத்தை அறிந்து முடித்த பிறகு வருகின்றன. எந்த அன்னத்தைப் போதாது என்று விட்டுவிட்டு மேலே மேலே போனானோ, அதே அன்னத்தின் பெயரால் நான்கு விரதங்கள் அவனுக்கு முன்னால் வைக்கப்படுகின்றன. நூலின் முடிவில், எல்லா உறைகளையும் கடந்தவன் உலகங்களில் உலவியபடி பாடுகிற சாமகானமும், நான் அன்னம், நான் அன்னம், நான் அன்னம் என்றே தொடங்குகிறது. நான் ஆனந்தம் என்று அவன் பாடவில்லை.

இந்த வரிசையை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆனந்தம் பற்றிப் பேசும் இன்றைய பேச்சுகள் அநேகமாக எல்லாமே ஆறாவது அனுவாகத்தோடு நின்றுவிடுகின்றன. முகாம்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களை அந்த இடத்தின் வாசனைக்குக் கொண்டுபோய்விட்டு, பிறகு பேருந்து ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்படி இருக்கிறது, அம்மா இருக்கிறார், அவை எல்லாம் ஆனந்தத்துக்கு எதிரிகளாகத் தெரிகின்றன. ஏழாவது அனுவாகத்தை யாரும் சொல்லித்தராததன் விளைவு அது. உங்கள் அம்மாவுக்கு எப்படியும் அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த வயதில் அடுப்பு முன்னால் நின்று, கேழ்வரகு மாவைக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, சூடு ஆறுவதற்குள் பிள்ளை சாப்பிட வேண்டும் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எட்டாவது அனுவாகம் தள்ளாதே என்று சொல்வதை நீங்கள் கைகளாலேயே செய்திருக்கிறீர்கள். அதற்காக உங்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைக்காமல் எனக்கு எழுதினீர்களே, அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

எந்தக் குருவிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு யாரிடமும் போக வேண்டாம். அதிகாலையில் உட்காருவதை விடாதீர்கள், ஆனால் அந்த ஐந்தாம் நாளை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ராமகிருஷ்ண மடத்தின் தைத்திரீய உபநிடதம் தமிழ் விளக்கத்தோடு கிடைக்கிறது. வாங்கி மூன்றாம் வல்லியைப் பொருளோடு படியுங்கள். ஷிப்ட் இல்லாத நாட்களில் களியை நீங்கள் கிண்டி அம்மாவுக்குப் பரிமாறுங்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். பத்தாவது அனுவாகம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். வேலையை விடுவது பற்றி அப்போதும் கேட்கத் தோன்றினால், அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்